லீவுக்கு வெளிநாடு போகிறீர்களா? ஒரு டிராக்கபிளையும் கூட்டிப்போங்கள்: வடசென்னைக்காரர்களுக்கு ஒரு செய்முறை

லீவுக்கு சிங்கப்பூரில் அக்கா வீட்டுக்கோ, பினாங்கில் சித்தப்பா வீட்டுக்கோ, கொழும்பைச் சுற்றிப் பார்க்கவோ கிளம்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பையின் ஓரத்தில் ஒரு டிராக்கபிளுக்கு இடம் இருந்தால் போதும். ஜிபிஎஸ் உதவியோடு ஒளித்து வைத்த டப்பாக்களைத் தேடும் ஜியோகேச்சிங் என்ற விளையாட்டில், டப்பாவுக்கு டப்பா கை மாறிப் பயணம் செய்யும் எண் பொறித்த சின்னப் பொருள்தான் டிராக்கபிள். எங்கோ முன்பின் தெரியாத ஒருவர், தான் அனுப்பிய பொம்மை கடல் தாண்டிப் போய்விட்டதைப் போனில் பார்த்துத் துள்ளிக் குதிப்பார். ஜியோகேச்சிங்கில் எனக்கு ரொம்பப் பிடித்த வேலை இதுதான். ஆனால் புதிதாக வருபவர்கள் பாதிப் பேர் டிராக்கபிளைத் தொடவே தயங்குகிறார்கள். மீதிப் பேர் ஆசையாக எடுத்துப் போய் அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். முறையாகச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததுதான் காரணம். அதனால் வரிசையாகவே சொல்கிறேன்.

முதலில், டிராக்கபிள் என்றால் என்ன?

2000 மே மாதத் தொடக்கத்தில், ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கியது. ஒன்றிரண்டு நாளிலேயே ஓரிகன் மாநிலத்தில் ஒருவர் ஒரு வாளியைக் காட்டில் வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போட்டார். ஜியோகேச்சிங் அப்படித்தான் ஆரம்பித்தது. ஒளித்து வைக்கும் டப்பாவுக்குப் பெயர் கேச். கண்டுபிடித்தவர் உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும்.

டப்பா அங்கேயே இருக்கும், டிராக்கபிள் ஊர் ஊராகப் போகும். அதில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று டிராவல் பக்: எண் பொறித்த சின்ன உலோகத் தகடு, பெரும்பாலும் ஒரு பொம்மையோ சாவிக்கொத்தோ அதோடு தொங்கும். இன்னொன்று ஜியோகாயின்: அழகாக வார்த்த நாணயம். அதன் மேலேயே எண் இருக்கும்.

இதில் ஒரு விஷயத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு டிராக்கபிளுக்கும் இரண்டு எண்கள் உண்டு. டிபி என்று தொடங்கும் எண் ஊருக்கே தெரியும், இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பொருளின் மேல் பொறித்திருக்கும் ரகசியக் கோடு, அதாவது ரகசியக் குறியீடு, வேறு. அந்தக் கோடு யாரிடம் இருக்கிறதோ, அவரிடம் அந்தப் பொருள் இருக்கிறது என்று இணையதளம் எடுத்துக்கொள்ளும். அதனால் அந்தக் கோடு தெரியும்படி ஒரு போட்டோவைக்கூட வெளியே போடக் கூடாது. இன்ஸ்டாகிராமில் போட்டோ போடும் முன் விரலால் கோடை மறைத்துப் பிடியுங்கள்.

படி 1: கணக்கு

ஜியோகேச்சிங் ஆப்பை இறக்கி இலவசக் கணக்கு ஒன்று தொடங்குங்கள். சில கேச்சுகள் சந்தா கட்டியவர்களுக்கு மட்டும்தான் தெரியும். டிராக்கபிளை லாக் செய்ய, அதாவது எடுத்ததையும் விட்டதையும் தளத்தில் பதிவு செய்ய, இலவசக் கணக்கே போதும்.

படி 2: டிராக்கபிளைத் தேடிப் பிடிப்பது

ஒவ்வொரு கேச்சின் பக்கத்திலும், உள்ளே எந்தெந்த டிராக்கபிள் இருக்கிறது என்று ஒரு பட்டியல் இருக்கும். அதை அப்படியே நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். கடைசியாக வந்தவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படித்துப் பாருங்கள். எடுத்தவர் லாக் செய்யாமல் விட்டால், பொருள் போன பிறகும் பட்டியலில் பெயர் தொங்கிக்கொண்டே இருக்கும்.

சென்னையில் கேச்சுகள் குறைவு, டிராக்கபிள் அதைவிடக் குறைவு. அதனால் நம் பக்கத்து ஆட்களுக்கு நல்ல வழி இரண்டு. ஒன்று, நீங்களே புதிதாக ஒரு தகடு வாங்கி அனுப்புவது. வாங்கும்போது வரும் ஆக்டிவேஷன் கோடைப் போட்டு உங்கள் பெயரில் பதிந்தால்தான் அதற்கு உயிர் வரும். ஒரே எண்ணில் இரண்டு தகடு வரும். ஒன்றைப் பொருளோடு மாட்டுங்கள், இன்னொன்றை வீட்டில் பத்திரமாக வையுங்கள். இரண்டாவது வழி, போகிற ஊரில் ஒன்றை எடுத்து இங்கே கொண்டுவருவது. சிங்கப்பூர் போன்ற ஊரில் அதற்குப் பஞ்சமே இல்லை.

இங்கே தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. துறைமுகம், எண்ணூர் பக்கத்துத் தொழிற்சாலைகள், ரயில் பாதை ஓரம் ஆகிய இடங்களில் போனைப் பிடித்துக்கொண்டு புதரை விலக்கிப் பார்ப்பது சரிவராது. பாதுகாப்பு உள்ள இடத்தில் டப்பா தேடும் ஆளைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம்தான் வரும். காசிமேட்டிலோ தண்டையார்பேட்டையிலோ தேடினால் நிச்சயம் ஒரு பெரியவர் வந்து, “இன்னாபா, எத்த தொலைச்ச?” என்று கேட்பார். மறைக்காதீர்கள். “ஒண்ணும் தொலையலண்ணே, இது ஒரு விளையாட்டு” என்று ஆப்பைத் திறந்து காட்டுங்கள். பாதி நேரம் அவரே கூட நின்று தேடுவார்.

படி 3: அதன் குறிக்கோளைப் படியுங்கள்

புதியவர்கள் தாண்டிக் குதிப்பது இந்தப் படியைத்தான். எல்லாவற்றிலும் முக்கியமானதும் இதுதான். டிராக்கபிளின் பக்கத்தில் அதன் சொந்தக்காரர் ஒரு குறிக்கோள் எழுதியிருப்பார். “கலங்கரை விளக்கங்களைப் பார்க்க வேண்டும்”, “கிழக்கே போய்க்கொண்டே இருக்க வேண்டும்”, “என் ஊருக்குத் திரும்பி வர வேண்டும்”, இப்படி. “இந்த நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக வேண்டாம்” என்று எழுதியிருப்பவர்களும் உண்டு. ஐரோப்பாவுக்குப் போக ஆசைப்படும் டிராக்கபிளை நீங்கள் கொழும்பில் விட்டால், கிலோமீட்டர் கூடுமே தவிர அதன் ஆசைக்கு உதவாது. உங்கள் வழியும் அதன் வழியும் ஒத்துப்போகவில்லையா? எடுக்காமல் விட்டுவிடுங்கள். பார்த்ததற்கு ‘டிஸ்கவர்’ என்று ஒரு லாக் போட்டால் போதும். எடுத்துப் பதுக்குவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

இன்னொன்று. பொதுவாக ஒரு டிராக்கபிளை இரண்டு வாரத்துக்கு மேல் கையில் வைத்திருப்பது மரியாதை இல்லை. பயணத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தால், பயணம் நெருங்கும்போது எடுங்கள். முன்கூட்டியே எடுத்தே தீர வேண்டும் என்றால், சொந்தக்காரருக்கு இணையதளம் வழியாக ஒரு செய்தி அனுப்பி, இன்ன தேதிக்கு இன்ன நாட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்று சொல்லுங்கள். அநேகமாக எல்லோரும் சந்தோஷமாகச் சரி என்பார்கள்.

படி 4: எடுத்ததும் லாக்

கேச்சிலிருந்து எடுத்த கையோடு கோடைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தேய்ந்த தகட்டில் பூஜ்யமும் ஓ எழுத்தும் ஒன்று போலத் தெரியும், அதனால் வெளிச்சத்தில் வைத்து எடுங்கள். அப்புறம் ஆப்பில் கோடைப் போட்டு ‘ரிட்ரீவ்’ கொடுத்தால், அது உங்கள் இன்வென்டரிக்கு, அதாவது உங்கள் கையில் இருக்கும் பொருட்களின் பட்டியலுக்கு, வந்துவிடும்.

சில சமயம் பொருள் கேச்சில் இருக்கும், ஆனால் தளத்தில் இன்னும் முந்தைய ஆளின் கையில் இருப்பதாகவே காட்டும். அவர் வைத்துவிட்டு, லாக் போட மறந்திருப்பார். உடனே ‘கிராப்’ கொடுத்துப் பிடுங்காதீர்கள். அப்படிச் செய்தால் பொருள் உங்கள் பெயருக்கு மாறிவிடும், அவரால் தன் லாக்கைச் சரியாகப் போட முடியாமல் போகும், பயண வரைபடமும் குழம்பும். இரண்டு மூன்று நாள் பொறுங்கள், ஒரு செய்தி அனுப்புங்கள். பதிலே இல்லையென்றால் அப்போது கிராப் செய்யலாம்.

படி 5: வீட்டிலேயே சோதனை போடுங்கள்

ஊருக்குப் போகிறவரிடம் ஊறுகாய் பாட்டில் கொடுத்தனுப்புவது மாதிரிதான் இதுவும். ஒரே வித்தியாசம், கொடுத்தவர் யாரென்றே நமக்குத் தெரியாது. அதனால் எல்லை தாண்டும் முன் அந்தப் பொருளை நீங்களே அக்குவேறு ஆணிவேறாகப் பார்க்க வேண்டும். பொம்மைக்குள் பஞ்சுதானா என்று அமுக்கிப் பாருங்கள். மூடி திறக்கும் குப்பி என்றால் திறந்து பாருங்கள். திறக்க முடியாதபடி ஒட்டிய பொருளோ, பொடி எதுவும் அடைத்த பொருளோ என் பையில் ஏறாது. உங்கள் பையிலும் ஏற்றாதீர்கள். சிங்கப்பூர், மலேசியாவில் போதைப்பொருள் சட்டம் எவ்வளவு கடுமை என்று சொல்ல வேண்டியதில்லை. நம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் கசகசாகூட சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் ஆகாது. விதை நிரப்பிய பொம்மை என்றால் அந்த ஒரு காரணமே போதும், எடுக்காமல் இருக்க.

நீங்களே டிராக்கபிள் அனுப்புகிறீர்கள் என்றால், எதைக் கட்டி அனுப்புவது என்பதில் கவனம் வேண்டும். கடலோரத்தில் இருக்கிறோம், சங்கோ பவளத் துண்டோ கட்டினால் அழகாக இருக்கும் என்று தோன்றும். வேண்டாம். பவளப்பாறையும் கடல்குதிரையும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. சங்கிலும் சிப்பியிலும் பல வகைகள் அதே பட்டியலில் உண்டு. மயிலிறகை ஏற்றுமதி செய்யத் தடை இருக்கிறது. செம்மரத்தில் செய்த எதையும் நினைக்கவே வேண்டாம். ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போகிற பொருளில் மரம், விதை, இறகு எது இருந்தாலும் இறங்கும்போது சொல்லியாக வேண்டும். மண் ஒட்டியிருந்தால்கூடப் பிரச்சினை, துடைத்துவிட்டுப் பையில் வையுங்கள். என்னைக் கேட்டால் பிளாஸ்டிக் ஆட்டோ பொம்மை, துணியில் தைத்த மீன், எனாமல் சாவிக்கொத்து மாதிரி எதையாவது கட்டுங்கள். பர்மா பஜாரில் ஒரு சுற்று வந்தால் கை நிறையக் கிடைக்கும்.

விலையுயர்ந்த ஜியோகாயினாக இருந்தால் அசலை அனுப்ப வேண்டாம் என்பேன். அவை காணாமல் போவது சகஜம். பலரும் நாணயத்தைப் போட்டோ எடுத்து, கோடோடு அச்சடித்து, லேமினேட் செய்து, அந்த நகலை அனுப்புகிறார்கள்.

படி 6: விமான நிலையம்

விம்கோ நகரிலிருந்து விமான நிலையம் வரை மெட்ரோ ஒரே வண்டியாகப் போகிறது. திருவொற்றியூர், தண்டையார்பேட்டை ஆட்களுக்கு அதுவே வசதி.

டிராக்கபிளைக் கையில் கொண்டுபோகும் பையில் வையுங்கள். செக்-இன் பெட்டி தொலைந்தால் அடுத்தவர் பொருளும் சேர்ந்து தொலையும். ஆனால் கத்தி, கத்தரிக்கோல், சின்ன மல்டி-டூல் தொங்கும் டிராக்கபிள் கைப்பையில் போகாது. துப்பாக்கி பொம்மையும் அப்படியே. தோட்டா மாதிரி இருக்கும் எதையும் எந்தப் பையிலும் வைக்காதீர்கள். சின்ன கேச்சுகளுக்கு வரும் உலோகக் குழாய் ஸ்கேனரில் அப்படித்தான் தெரியும். அது இருந்தால் தனியாக வெளியே எடுத்துத் தட்டில் வைத்துக் காட்டுவது நல்லது.

டிராக்கபிளின் பக்கத்தை முன்கூட்டியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். யாராவது கேட்டால், “இது ஒரு விளையாட்டுத் தகடு சார், விற்கிற பொருள் இல்லை” என்று காட்டினால் விஷயம் முடிந்தது. “உங்கள் பையில் வேறு யாராவது எதையாவது கொடுத்தார்களா?” என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். வீட்டிலேயே சோதித்துவிட்டதால் பயமில்லாமல் சொல்லலாம்.

இன்னொரு முக்கிய எச்சரிக்கை. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகள், துராயா, இரிடியம் போன்கள், கார்மின் இன்ரீச் வகைக் கருவிகளை இந்தியாவில் அனுமதி இல்லாமல் வைத்திருப்பது குற்றம். வெளிநாட்டு நண்பர் யாராவது கேச் தேட இங்கே வருவதாக இருந்தால் இதை அவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். தேடுவதற்குப் போனில் இருக்கும் ஜிபிஎஸ் தாராளம்.

படி 7: எங்கே விடுவது?

போகிற ஊரின் கேச்சுகளை இங்கேயே பார்த்து, இரண்டு மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மைக்ரோ கேச்சில் பேப்பர் சுருள் மட்டும்தான் நுழையும், அதனால் ‘ஸ்மால்’ அல்லது அதற்கு மேல் உள்ள அளவைத் தேடுங்கள். சமீபத்தில் யாராவது கண்டுபிடித்திருக்க வேண்டும். தண்ணீர் புகுந்தது, மூடி உடைந்தது என்று லாக் இருந்தால் தவிர்த்துவிடுங்கள். ‘டிராவல் பக் ஹோட்டல்’ என்று பெயர் வைத்த கேச்சுகள் உலகம் முழுக்க உண்டு. டிராக்கபிள்கள் தங்கிப் போவதற்கென்றே வைத்தவை. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தால் ரொம்ப நல்லது, அடுத்த பயணி சீக்கிரம் எடுத்துப் போவார். ஆனால் திருட்டு நடந்த லாக் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடத்தில் ஆள் நடமாட்டம் அதிகம் இருந்தால் கொஞ்சம் காத்திருந்து வையுங்கள். ஒரு டிராக்கபிளை எடுத்தால் இன்னொன்றை வைக்க வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை.

படி 8: விட்டதும் லாக்

கேச்சைக் கண்டுபிடித்ததற்கு லாக் எழுதும்போதே டிராக்கபிள் பட்டியல் வரும். அங்கே ‘டிராப் ஆஃப்’ கொடுங்கள். தங்கியிருக்கும் நாட்களில் மற்ற கேச்சுகளுக்கும் அது உங்களோடு வந்தால், அவற்றில் ‘விசிட்’ கொடுக்கலாம். பொருள் உங்கள் கையிலேயே இருக்கும், பயணக் கணக்கில் மட்டும் அந்த இடம் சேரும். கேச்சுக்குக் கேச் நேர்க்கோட்டில்தான் தூரம் கணக்காகும். சென்னையில் எடுத்து சிங்கப்பூரில் விட்டால் கிட்டத்தட்ட 2,900 கிலோமீட்டர்.

ரோமிங் இல்லையென்றால் கேச்சின் பெயரையும் தேதியையும் குறித்துக்கொண்டு, வைஃபை கிடைத்ததும் அன்று ராத்திரியே போட்டுவிடுங்கள். தாமதித்தால் அதற்குள் வேறொருவர் எடுத்துவிடுவார், படி 4-ல் சொன்ன குழப்பம் அவர் தலையில் விழும்.

லாக்கில் வெறும் நன்றி மட்டும் போடாமல் இரண்டு வரி எழுதுங்கள். கிளம்பும் முன் திருவொற்றியூர் தேரடியிலோ, 1856-ல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தின் முன்னாலோ அந்தப் பொம்மையை வைத்து ஒரு போட்டோ எடுத்திருந்தால் அதையும் சேருங்கள். சொந்தக்காரர் ஆங்கிலம் படிப்பவராக இருந்தால் ஆங்கிலத்தில் எழுதி, கீழே தமிழிலும் ஒரு வரி போடுங்கள். இவ்வளவு தூரம் ஒரு பொருளை அனுப்பியவருக்கு, அது போன ஊர் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ளத்தான் ஆசை இருக்கும்.

திரும்பி வந்த பிறகு

டிராக்கபிளின் பக்கத்தில் ‘வாட்ச்’ கொடுத்து வைத்தால், யாராவது நகர்த்தும்போது உங்களுக்கு மின்னஞ்சல் வரும். அடுத்தடுத்து வந்தவர்கள் கேச்சில் அது இல்லை என்று எழுதினால், நீங்கள் வைத்த தேதியையும் டப்பாவின் நிலையையும் சொந்தக்காரருக்கு எழுதி அனுப்புங்கள். காணவில்லை என்று குறிக்கலாமா, இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கலாமா என்று அவர் முடிவு செய்ய அது உதவும்.