பாட்டி சேலைத் துண்டுகளில் மக்கல் வாடை: நான் செய்த தவறுகளும் செய்யாமல் தப்பியவையும்

பாட்டியின் ட்ரங்குப் பெட்டியில் முழுச் சேலை ஒன்றுகூட இல்லை. கிழிந்தது போக நல்ல பகுதியை மட்டும் வெட்டிச் சதுரம் சதுரமாக மடித்து அடுக்கியிருந்தார். சுங்குடி, கண்டாங்கி, நாலைந்து பட்டு முந்தானைகள். ஒட்டுப்போர்வை தைக்கச் சேர்த்து வைத்ததாம். பெட்டியைத் திறந்ததும் மக்கல் வாடை மூக்கில் ஏறியது. "ரெண்டு அந்துருண்டையைப் போட்டு மூடி வைடி, சரியாப் போயிடும்" என்றார் அத்தை.

போட்டேன். அதுதான் முதல் தவறு. அந்துருண்டை பூச்சியை விரட்டும், பூஞ்சணத்தை ஒன்றும் செய்யாது. அதன் ஆவி நூலுக்குள் இறங்கிவிட்டால் வெளியேற வாரக்கணக்கில் ஆகும். ஒரு வாடைக்கு இரண்டு வாடையானதுதான் மிச்சம். பிறந்த குழந்தைக்காகத் தைப்பதாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு, பல அந்துருண்டைகளில் உள்ள நாஃப்தலீன் ஏறிய துணியைச் சுற்றினாலே ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து கடும் மஞ்சள் காமாலை வரலாம். சாம்பிராணிப் புகையும் சென்ட்டும் வாடையை மூடத்தான் செய்யும், போக்காது. சென்ட் ஜரிகையில் பட்டால் கறை வேறு.

வாடைக்கு மூலம் பூஞ்சணம். அதற்கு ஈரமும் வேண்டும், தீனியும் வேண்டும். ஈரம் காற்றிலேயே இருக்கிறது. ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டினால் போதும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னை வீட்டு அலமாரிக்குள் அது எளிதாகத் தாண்டும். தீனி கஞ்சி. நம் வீட்டுப் பருத்திச் சேலைகளில் பலவும் கஞ்சி போட்டு மொடமொடவென்று மடித்தவை. கட்டுவதற்கு அழகுதான். பெட்டிக்குள் பல வருஷம் கிடந்தால் பூஞ்சணத்துக்கும் ராமபாணப் பூச்சிக்கும் அது விருந்து. எத்தனை நாள் காயப்போட்டாலும் மழை வந்ததும் வாடை திரும்புகிறது என்றால் கஞ்சியைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, அதன் மேல் ஒரு சொட்டு டிங்சர் அயோடின் விடுங்கள். கருநீலமாக மாறினால் கஞ்சி இருக்கிறது.

சாம்பல் படிந்தது போலவோ கரும்புள்ளியாகவோ இருந்தால் அந்தத் துண்டை வீட்டுக்குள் உதறாதீர்கள். உதறினால் வித்துகள் மற்றத் துணிகளிலும் உங்கள் மூச்சிலும் போய்ச் சேரும். முகக்கவசம் போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் வைத்து, காய்ந்த மெல்லிய தூரிகையால் தட்டி எடுங்கள். நனைத்துத் தேய்த்தால் நூலுக்குள் இறங்கிவிடும். வாடை போன பிறகும் கரும்புள்ளி போகாமல் இருக்கலாம். அந்த இடத்தை வெட்டிவிட்டுத் தைப்பதே மேல்.

வெயில் எல்லாவற்றையும் கொல்லும் என்று நம்பி வளர்ந்தவர்கள் நாம். பட்டு உச்சி வெயிலில் பழுப்பேறி நொறுங்கத் தொடங்கும், பருத்தியில் சாயம் வெளுக்கும். நிழலும் காற்றும்தான் வேண்டும். மழையில்லாத மாதமாகப் பார்த்து, ஒன்றன்மேல் ஒன்று படாமல் கொடியில் விரித்து மூன்று நான்கு நாள் விடுங்கள். பனி இறங்கும் முன் சாயங்காலமே எடுத்துவிட வேண்டும். பிறகு மூடியுள்ள பெரிய டப்பாவில் துணிகளைத் தளர்வாகப் போட்டு, ஒரு கிண்ணத்தில் ஆப்ப சோடாவோ ஆக்டிவேட்டட் கரியோ வைத்து ஒரு வாரம் மூடுங்கள். சோடாவைத் துணிமேல் நேராகத் தூவ வேண்டாம். அதன் காரம் பட்டுக்கு ஆகாது.

என் பெரிய தவறு இதன் பிறகுதான். அவசரத்தில் எல்லாத் துண்டுகளையும் சேர்த்து வாஷிங் மெஷினில் போட்டேன். வெட்டிய ஓரங்கள் பிரிந்து நூல் பந்தாக வெளியே வந்தன. சிவப்புச் சுங்குடி சாயம் விட்டு ஒரு கண்டாங்கியைக் கெடுத்தது. ஓரத்தில் ஈரமான வெள்ளைத் துணியை ஒரு நிமிஷம் அழுத்திப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். சாயம் விடும் துணியை உப்புத் தண்ணீரில் ஊற வைத்தால் சாயம் பிடித்துக்கொள்ளும் என்று எல்லோரும் சொல்வார்கள். சாயம் போட்டு முடிந்த துணியில் உப்பால் அப்படிப் பிடிக்காது. சாயம் விடும் துண்டைத் தனியே வையுங்கள், காற்றாட விட்டால் போதும்.

சாயம் விடாத பருத்தித் துண்டுகளை வலைப்பையில் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் கையால் அலசுங்கள். கஞ்சி கரைந்து வழவழப்பு நிற்கும் வரை தண்ணீரை மாற்றுங்கள். கடைசி அலசலில் ஒரு வாளிக்கு அரைக் கப் வெள்ளை வினிகர் சேர்க்கலாம், ஜரிகை இல்லாத துண்டுகளுக்கு மட்டும். வினிகரோடு ப்ளீச்சைக் கலக்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். குளோரின் ப்ளீச் பட்டுத் துணியையே கரைத்துவிடும். பழைய பட்டு மடிப்பில் இற்றுப் போயிருக்கும், அதனால் ஊறவைப்பதோ பிழிவதோ வேண்டாம். நான் பட்டு முந்தானைகளை நனைக்கவே இல்லை. காற்றும் கரியும் போதுமானதாக இருந்தன.

தைக்கும் முன் ஒரு சோதனை. ஒவ்வொரு துண்டையும் மூடியுள்ள கண்ணாடி ஜாடியில் ஒரு நாள் வைத்துத் திறந்து முகருங்கள். பழகிப் போன நம் மூக்கு ஏமாற்றும், வீட்டுக்குப் புதிதாக வந்தவரிடம் கொடுப்பது நல்லது. வாடை இருந்தால் மறுபடி கொடிக்குத்தான். போர்வைக்குள் பஞ்சு வைத்துத் தைத்துவிட்டால் ஒரு துண்டின் வாடை பஞ்சுக்குள் இறங்கிவிடும். பிறகு முழுப் போர்வையையும் பிரிப்பதைத் தவிர வழியில்லை.

என்னிடம் மிஞ்சிய துண்டுகள் இப்போது பிளாஸ்டிக் கவரில் இல்லை, அது ஈரத்தை உள்ளேயே பூட்டும். தாத்தாவின் பழைய வேட்டியை அலசி, கஞ்சி போடாமல் காய வைத்து, அதில் சுற்றி வைத்திருக்கிறேன். பச்சைச் சுங்குடி ஒன்று மட்டும் இன்னும் கொடியில் தொங்குகிறது.