தண்ணீருக்குள் எண்ணெய் ஒட்டாத நிறப்பூச்சு, சாயமே இல்லாமல்

இந்தப் பூச்சில் சாயம் துளிகூடக் கிடையாது. 250 நானோமீட்டர் சிலிக்கா (மணலில் இருக்கும் அதே பொருள்) உருண்டைகள் நெருக்கமாக அடுக்கி நின்றாலே, அடுக்கில் பட்டுத் திரும்பும் ஒளி பச்சையாகத் தெரியும். அடுக்கின் இடுக்குகளில் தண்ணீர் முதலில் புகுந்து உட்கார்ந்துவிட்டால், பிறகு வரும் எண்ணெய்க்கு ஒட்ட இடமில்லை. மீன் செதிலும் இப்படித்தான் தப்பிக்கிறது.

குவார்ட்ஸ் தகட்டை வழக்கம்போலச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். சிலிக்காவை 1 சதவீத அளவில் தண்ணீரில் கலக்கி, அல்ட்ராசோனிக் தொட்டியில் (ஒலி அதிர்வால் கட்டிகளைப் பிரிக்கும் தொட்டி) அரை மணி நேரம் வையுங்கள். உருண்டை வாங்குவதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். அளவு ஒன்றுபோல் இல்லையென்றால் வெறும் வெள்ளைதான் மிஞ்சும். தகட்டைக் கலவையில் செங்குத்தாக நிறுத்தி, 55 டிகிரி ஓவனில் தண்ணீர் வற்றும்வரை விடுங்கள். ஓவன் அதிர்ந்தால் பூச்சில் வரிவரியாகக் கோடு விழும்.

காய்ந்த பூச்சு தண்ணீர் பட்டால் உதிரும். அதனால் 800 டிகிரியில் சுட வேண்டும். பச்சை கொஞ்சம் நீலப்பக்கம் நகரும், பரவாயில்லை. ஆறியதும், நிறம் எடுப்பாகத் தெரிய, பின்பக்கம் கறுப்பு ஸ்பிரே பெயின்ட் அடியுங்கள். கறுப்பு டேப் எனக்குப் பிடிக்காது, தண்ணீரில் உரிந்துவிடும்.

நான் மாட்டிக்கொண்டது இதற்கப்புறம்தான். சுட்ட தகட்டை அப்படியே தண்ணீரில் போட்டு எண்ணெய் விட்டேன்; திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டது. சூட்டில் சிலிக்காவின் நீர்விருப்பம் குறைந்துபோயிருந்தது, இடுக்குகளில் காற்று அப்படியே நின்றது. ஆக்சிஜன் பிளாஸ்மா (மின்சாரத்தால் அயனியாக்கிய ஆக்சிஜன் வாயு) சில நிமிடம் கொடுத்ததும் நீர்விருப்பம் திரும்பி, சரியானது. தண்ணீர் உள்ளே போய்விட்டதா என்பதை நிறமே சொல்லிவிடும். கணக்குப்படி 550 நானோமீட்டர் அலைநீளத்தில் இருந்த பச்சை, நனைந்ததும் 580க்கு, மஞ்சளுக்கு நகரும். பளிச்சென்று இருந்தது மங்கவும் செய்யும். மங்காத பச்சைத் திட்டு எங்கே தெரிகிறதோ, எண்ணெய் அங்கேதான் ஒட்டும். அதைப் பார்க்காமல் எண்ணெயைத் தொடாதீர்கள்.

சோதிக்க, ஆய்வகங்களில் எண்ணெய்க்குப் பதிலாக எடுக்கும் டைகுளோரோஈத்தேன் என்ற கரைப்பான் வேண்டாம், நச்சு. சமையல் எண்ணெயே போதும். அது மிதக்கும் என்பதால் பூச்சைக் கீழ்நோக்கிக் கவிழ்த்துப் பிடித்து, வளைந்த ஊசியால் அடியிலிருந்து விடுங்கள். துளி முத்துப்போல் திரண்டு, தகட்டை லேசாகச் சாய்த்ததும் ஓடிவிடும்.

பின்சேர்க்கை: தண்ணீருக்குள் நன்றாக இருந்த தகடு வெளியே எடுத்ததும் பிசுபிசுக்கிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். மேலே மிதக்கும் எண்ணெய்ப் படலத்தின் வழியாகத் தூக்கியிருக்கிறீர்கள். முதலில் படலத்தை டிஷ்யூவால் ஒற்றி எடுத்துவிட்டு, அப்புறம் தூக்குங்கள்.