நிலக்கடலைப் பாலில் அஃப்ளாடாக்சின் சோதிக்கும் முறை

சோதனையைத் தொடங்கும் முன் ஒரு கணக்குப் போட வேண்டும். பதப்படுத்தவிருக்கும் நிலக்கடலையில் பூஞ்சை உண்டாக்கும் நச்சான அஃப்ளாடாக்சின் மொத்தமாகக் கிலோவுக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது கோடெக்ஸ் எனும் பன்னாட்டு உணவுத்தர அமைப்பின் வரம்பு. அந்த வரம்பைத் தொட்டு நிற்கும் கடலை பத்தில் ஒரு பங்கு சேர்ந்த பாலில், நச்சு முழுதும் இறங்கினாலும் கிலோவுக்கு 1.5 மைக்ரோகிராம்தான் இருக்கும். தானியத்துக்கென விற்கும் எலைசா கிட் (எதிர்ப்பொருளைக் கொண்டு நிறத்தால் நச்சை அளக்கும் சோதனைத் தொகுப்பு) 2 மைக்ரோகிராமுக்குக் கீழே காணாது என்றால், அது தரும் ‘நச்சு இல்லை’ என்ற முடிவை நம்ப இடமில்லை.

ஒரே தொகுதியைச் சேர்ந்த பல பாக்கெட்டுகளை எடுத்து, அடியில் படிந்த கசடும் கலையும்படி குலுக்கி, ஒன்றாகக் கலக்க வேண்டும். தெளிந்த மேல்பாலை மட்டும் எடுத்தால் கசடோடு ஒட்டிய நச்சு விடுபட்டுப்போகும். அதில் 25 கிராம் நிறுத்து, 60 மில்லி தூய மெத்தனால் ஊற்ற வேண்டும். கடலை மாவுக்குப் பயன்படும் 70 விழுக்காட்டு மெத்தனால் கரைசலை இங்கே ஊற்றுவது அடிக்கடி நடக்கும் தவறு. பாலிலேயே தண்ணீர் இருப்பதால் மெத்தனால் நீர்த்துவிடும். அரை மணி நேரம் குலுக்கி, சுழற்றிப் பிரித்து, தெளிந்த நீரை வடிகட்டியபின், அமில-காரத் தன்மையை நிலையாக வைக்கும் இடையகக் கரைசலால் ஏழு மடங்காக நீர்க்கச் செய்து, நச்சைப் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருள் நிரப்பிய தூய்மைப்படுத்தும் குழாய் வழியே நொடிக்கு ஒரு சொட்டாக இறக்க வேண்டும். அவசரப்பட்டு அழுத்தித் தள்ளினால் நச்சு பிடிபடாமல் ஓடிவிடும். தண்ணீரால் கழுவி, மெத்தனாலால் நச்சைப் பிரித்தெடுக்கலாம்.

கரைசலைக் கூறுகளாகப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் 365 நானோமீட்டர் ஒளியூட்டி, 435-இல் ஒளிர்வை அளப்பது வழக்கம். அஃப்ளாடாக்சின் வகைகளில் பி1, ஜி1 இரண்டும் நீர் கலந்த ஓட்டத்தில் மங்கலாகவே ஒளிரும். அவற்றின் ஒளிர்வைக் கூட்ட, புரோமினேற்றமோ (புரோமினோடு வினைபுரியச் செய்தல்) புறஊதா விளக்கோ தேவைப்படும்.

நச்சற்ற பாலில் தெரிந்த அளவு நச்சைச் சேர்த்து, இதே வழியில் கொண்டுசென்று பார்ப்பதை எந்த நாளும் விடக்கூடாது. 70 முதல் 110 விழுக்காடு மீளவில்லை என்றால் அன்றைய முடிவுகளைத் தள்ளிவிடுவதே நேர்மை. எலைசாவில் செய்பவர்கள், நிறம் வெளிறினால் நச்சு கூடுதல் என்பதை மறக்கவேண்டாம். புதியவர்கள் இதைத் தலைகீழாகப் படிப்பதுண்டு.

ஓட்ஸ் பாலுக்கு இந்தக் குழாய் போதாது. அதில் ஓக்ராடாக்சின் ஏ, டி-2 போன்ற வேறு பூஞ்சை நச்சுகளையும் தேட வேண்டும்.

கரைசல்களைப் பழுப்புக் கண்ணாடியில் வைத்து, கையுறையோடு வேலைசெய்து, பயன்படுத்திய பாத்திரங்களைச் சோடியம் ஹைப்போகுளோரைட்டில் ஊறவைத்த பிறகே கழுவ வேண்டும்.