புதிய டவர் ஸ்பீக்கர்களுக்கு உங்கள் ரிசீவரின் வாட் போதுமா?

டவர் ஸ்பீக்கர் வாங்க முடிவெடுத்தவர் பெரும்பாலும் இரண்டு எண்களை அருகருகே வைத்துப் பார்க்கிறார். ஸ்பீக்கரின் விவரத்தாளில் 200 வாட் என்று இருக்கும். வீட்டில் ஏற்கெனவே ஸ்பீக்கர்களை இயக்கிக்கொண்டிருக்கும் ஹோம் தியேட்டர் ரிசீவரில் 95 வாட் என்று இருக்கும். பாதிகூட இல்லையே என்ற கவலையில் நல்ல நிலையில் இருக்கும் ரிசீவரையும் சேர்த்து மாற்றிவிடுகிறார். இந்த ஒப்பீடே தவறானது. ஸ்பீக்கரில் குறிப்பிட்டிருக்கும் 200 வாட் அது தாங்கக்கூடிய மேல் எல்லையே தவிர, அதற்குத் தேவையான அளவு அன்று. தேவை எவ்வளவு என்பதை ஸ்பீக்கரின் உணர்திறன் (கொடுக்கும் மின்சக்திக்கு அது எவ்வளவு ஒலி தருகிறது என்பது), நீங்கள் உட்காரும் தூரம், நீங்கள் விரும்பும் ஒலியளவு ஆகிய மூன்றும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. அந்தக் கணக்கைக் காகிதத்திலும் போடலாம். கையில் ஒரு மல்டிமீட்டர் இருந்தால் வீட்டிலேயே அளந்தும் பார்த்துவிடலாம்.

முதலில் ரிசீவரின் எண்ணைச் சரியாகப் படிக்க வேண்டும். அட்டைப்பெட்டியின் மீது பெரிதாக அச்சிட்டிருக்கும் வாட்டை நம்பாமல், கையேட்டின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் தொழில்நுட்ப விவரத்தைத் தேடுங்கள். 8 ஓம் (ஸ்பீக்கர் மின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பின் அளவு), 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, இரண்டு சானல்கள், அதாவது இரண்டு ஸ்பீக்கர்களுக்கான ஒலிப்பாதைகள், ஒருசேர இயங்கும்போது, 0.1 சதவீதத்துக்கும் குறைவான ஒலிச்சிதைவு என்ற நிபந்தனைகளோடு வரும் வாட்தான் கணக்குக்கு உதவும். அதே கருவியை 6 ஓம், 1,000 ஹெர்ட்ஸ், ஒரே ஒரு சானல், 10 சதவீத ஒலிச்சிதைவு என்று தளர்த்தி அளந்தால் எண் வெகுவாக ஏறிவிடும், கருவியோ மாறியிருக்காது. ஒரு காலத்தில் நம் ஊர் டேப்ரிக்கார்டர்களில் பி.எம்.பி.ஓ. (கணநேர உச்ச வாட்) என்ற நான்கெழுத்துகளோடு ஆயிரக்கணக்கான வாட் அச்சாகி வந்தது நினைவிருப்பவர்களுக்கு இந்த வித்தை புதிதாக இருக்காது. அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் இதைக் கட்டுப்படுத்த 1974இலேயே விதி கொண்டுவந்தது. அதில் இருந்த ஓட்டைகளை அடைத்து, 8 ஓம், முழு அலைவரிசை, 1 சதவீதத்துக்குக் குறைவான சிதைவு என்று அளவீட்டை நிலைப்படுத்தியது 2024இல்தான்.

கணக்குக்கு ஓர் உண்மையான இணையை எடுத்துக்கொள்வோம். டெனான் ஏவிஆர்-எக்ஸ்2800எச் ரிசீவர் மேற்சொன்ன கடுமையான முறையில் அளந்தால் சானலுக்கு 95 வாட் தருவது. கேஇஎஃப் நிறுவனம் 2017இல் வெளியிட்ட க்யூ950 டவர் ஸ்பீக்கரின் உணர்திறன் 91 டெசிபல், அதாவது 2.83 வோல்ட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 91 டெசிபல் ஒலி கிடைக்கும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்பது சரியாக ஒரு வாட். நீங்கள் மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், திறந்தவெளிக் கணக்கின்படி 9.5 டெசிபல் குறைந்து, ஒரே ஒரு வாட்டில் உங்கள் காதுக்கு 81.5 டெசிபல் வந்து சேரும். அறைச் சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலியும், இரண்டாவது ஸ்பீக்கரும் இதைச் சற்றே உயர்த்தும். அவற்றைக் கணக்கில் சேர்க்காமல் கையிருப்பாக வைத்துக்கொள்வது நல்லது.

இனி, எவ்வளவு உரக்கக் கேட்கப் போகிறீர்கள் என்ற கேள்வி. மைக் வைத்து ஸ்பீக்கர்களின் ஒலியளவைத் தானே சரிசெய்துகொள்ளும் தானியங்கி அளவீட்டை முடித்த ரிசீவரில் வால்யூம் 0 டெசிபல் என்று காட்டும் இடம், திரைப்பட ஒலிக்கலவைக் கூடத்தில் பயன்படும் ஒலியளவுக்கு நிகரானது. அங்கே ஒரு முன்சானலின் உச்சம் 105 டெசிபலைத் தொடும். வீட்டுக் கூடத்தில் அந்த அளவில் ஒரு முழுப் படத்தையும் பார்ப்பவர் மிகக் குறைவு. பத்து முதல் இருபது டெசிபல் குறைத்தே பெரும்பாலானோர் வைக்கிறார்கள். பத்துக் குறைத்தால் உச்சம் 95 டெசிபல். 81.5இலிருந்து 95க்கு ஏற 13.5 டெசிபல் வேண்டும். அதற்கு 22 வாட் போதும். அதே ஸ்பீக்கரில் 105 டெசிபல் வேண்டுமென்றால் 224 வாட் தேவைப்படும். நம் 95 வாட் ரிசீவர் இதற்கு இடையில், ஏறத்தாழ 101 டெசிபலில் நின்றுவிடும். ஆக, இந்த இணை ஒரு வீட்டுக் கூடத்துக்குத் தாராளமாகவே போதுமானது.

இதில் கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் வாட் இரட்டிப்பாகிறது என்பதும், 10 டெசிபலுக்குப் பத்து மடங்காகிறது என்பதும்தான். காதுக்கு ஒலி இரண்டு மடங்கானது போலத் தோன்ற ஏறத்தாழ அந்தப் பத்து மடங்கு வேண்டும். எனவே 95 வாட் ரிசீவரைக் கொடுத்துவிட்டு 120 வாட் ரிசீவர் வாங்குபவருக்குக் கூடுதலாகக் கிடைப்பது ஒரு டெசிபல். கண்ணை மூடிக் கேட்டால் எது எதுவென்று சொல்வதே கடினம். மாறாக, 91 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதிலாக 85 டெசிபல் ஸ்பீக்கரை வாங்கினால் அதே ஒலிக்கு நான்கு மடங்கு வாட் தேவைப்படும். பணத்தை எங்கே செலவிட வேண்டும் என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடுகின்றன. 4 ஓம் ஸ்பீக்கரின் உணர்திறனும் பெரும்பாலும் 2.83 வோல்ட்டில்தான் அளக்கப்படுகிறது, ஆனால் அங்கே அது இரண்டு வாட் என்பதால், ஒப்பிடும்போது 3 டெசிபலைக் கழித்துக்கொள்ளுங்கள்.

கணக்கை விட எனக்கு நம்பகமாகத் தோன்றுவது அளந்து பார்க்கும் முறை. இப்போதிருக்கும் ஸ்பீக்கர்களில், இதைவிட உரக்க ஒருநாளும் வைக்க மாட்டோம் என்ற அளவில் ஒரு படத்தை ஓடவிட்டு, ரிசீவர் காட்டும் வால்யூம் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ரிசீவரை அணைத்து, முன்பக்க ஸ்பீக்கர் ஒயர்களை ரிசீவரின் முனைகளிலிருந்து கழற்றிவிடுங்கள். கணினியில் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் 220 ஹெர்ட்ஸ் சைன் அலை ஒன்றை, அம்ப்ளிட்யூட் 0.25 என்று வைத்து உருவாக்கிச் சேமியுங்கள்; இது முழு அளவைவிடச் சரியாக 12 டெசிபல் குறைந்த ஒலி. இரவு நேர ஒலியடக்கம் போன்ற வசதிகளை நிறுத்திவிட்டு, ஸ்டீரியோ நிலையில், குறித்துவைத்த அதே வால்யூமில் இதை ஓடவிட்டு, மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து இடது அல்லது வலது முன்சானலின் சிவப்பு, கருப்பு முனைகளில் அளந்து பாருங்கள். ஸ்பீக்கர் இணைப்பில் இல்லாததால் சத்தம் எதுவும் வராது. மீட்டரின் இரு ஊசிகளும் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும், தொட்டால் ஆம்ப்ளிஃபையர் குறுக்கிணைப்பாகிவிடும்.

கிடைத்த வோல்ட்டை நான்கால் பெருக்குங்கள். ஒலித்தடம் தன் உச்சத்தைத் தொடும்போது உங்கள் ரிசீவர் தர வேண்டிய வோல்ட் அதுதான். மீட்டர் 3 வோல்ட் காட்டினால் உச்சம் 12 வோல்ட். 8 ஓமுக்கு அது 18 வாட், 4 ஓமுக்கு 36 வாட். ரிசீவரால் எத்தனை வோல்ட் தர முடியும் என்பதற்கு அதன் வாட்டை எட்டால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் போதும்: 95 வாட் என்றால் 27.6 வோல்ட். 12க்கும் 27.6க்கும் இடையில் 7 டெசிபல் கையிருப்பு இருக்கிறது. புதிய ஸ்பீக்கரின் உணர்திறன் பழையதைவிட 6 டெசிபல் கூடுதலாக இருந்தால் அதே ஒலிக்குப் பாதி வோல்ட் போதும். 6 டெசிபல் குறைவாக இருந்தால் இரண்டு மடங்கு வேண்டும். இந்த அளவீட்டைச் செய்து பார்ப்பவர்கள் தங்கள் வீட்டில் உண்மையில் செலவாகும் வாட் எவ்வளவு சொற்பம் என்று வியந்துபோவதே வழக்கம்.

வோல்ட் போதுமானதாக இருந்தும் ரிசீவர் திணறினால், பெரும்பாலும் அதற்குக் காரணம் இம்பீடன்ஸ். மாறிக்கொண்டேயிருக்கும் மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் இந்த எதிர்ப்பு ஒரே எண்ணில் நிற்பதில்லை. அலைவரிசைக்கு ஏற்ப ஏறி இறங்கும். க்யூ950இன் விவரத்தாளில் 8 ஓம் என்று போட்டுவிட்டு, மிகக் குறைந்த அளவு 3.2 ஓம் என்றும் குறிப்பிட்டிருக்கிறார்கள். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையமான ஐஇசியின் தரநிலைப்படி மிகக் குறைந்த இம்பீடன்ஸ், சொல்லப்பட்ட எண்ணில் 80 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. 3.2 என்பது 4இல் 80 சதவீதம். ஆக, கண்டிப்பான கணக்கில் அது 4 ஓம் ஸ்பீக்கர்தான். எந்த டவர் ஸ்பீக்கரை வாங்குவதற்கு முன்பும் இந்தக் குறைந்தபட்ச எண்ணைத் தேடிப் பாருங்கள். ஓம் பாதியானால் அதே வோல்ட்டுக்கு ரிசீவர் இரண்டு மடங்கு மின்னோட்டம் தர வேண்டும். ஒரே டிரான்ஸ்ஃபார்மரை ஏழு, ஒன்பது சானல்களுக்குப் பங்கிடும் ரிசீவருக்குச் சுமையும் சூடும் இங்கேதான் ஏறுகின்றன.

இந்தச் சுமையைக் காசு செலவில்லாமல் குறைக்க ஒரு வழி உண்டு. தனி ஆம்ப்ளிஃபையருடன் வரும் சப் ஊஃபர் வீட்டில் இருந்தால், ரிசீவரின் அமைப்பில் டவர் ஸ்பீக்கர்களை ‘ஸ்மால்’ என்று வைத்து, பிரிப்பு அலைவரிசையை 80 ஹெர்ட்ஸுக்கு அமையுங்கள். ஆளுயர ஸ்பீக்கரைச் ‘சிறியது’ என்று குறிக்கப் பலருக்கு மனம் ஒப்புவதில்லை. அந்தச் சொல் உயரத்தைக் குறிப்பதன்று, 80க்குக் கீழான ஆழ்ந்த ஒலியை இந்த ஸ்பீக்கருக்கு அனுப்பாதே என்ற கட்டளை மட்டுமே. வெடிச்சத்தமும் இடியும் சப் ஊஃபரின் ஆம்ப்ளிஃபையருக்குப் போய்விடுவதால் ரிசீவருக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். தானியங்கி அளவீடு டவர் ஸ்பீக்கர்களைக் கண்டதும் ‘லார்ஜ்’ என்று தானே மாற்றிவிடும் பழக்கம் உள்ளது என்பதால், ஒவ்வொரு முறை அளவீடு செய்த பிறகும் மெனுவுக்குள் போய்ச் சரிபார்க்க வேண்டும்.

சில ரிசீவர்களில் 8 ஓம், 4 அல்லது 6 ஓம் என்று தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கும். குறைந்த ஓமைத் தேர்ந்தெடுத்தால் ரிசீவர் சூடாகாதபடி அதன் மின்னழுத்தத்தையோ மின்னோட்டத்தையோ கட்டுப்படுத்துவதே பொதுவாக நடக்கிறது; வாட் ஏறாது, குறையும். காற்றோட்டமான இடத்தில், மிதமான ஒலியில் கேட்பவராக இருந்தால் நான் 8 ஓமிலேயே விட்டுவிடுவேன். ஆனால் கையேடு வேறுவிதமாகச் சொன்னால், உத்தரவாதக் காலம் முடியும் வரையாவது கையேட்டின் பக்கமே நிற்பது விவேகம். எப்படியானாலும் ரிசீவரைக் கதவு மூடிய டிவி அலமாரிக்குள் அடைக்காமல், தலைக்கு மேல் ஒரு சாண் இடமாவது விட்டு வையுங்கள்.

குறைந்த வாட் ஸ்பீக்கரைக் கெடுத்துவிடும் என்று கடைகளில் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. இருபது வாட் ஆம்ப்ளிஃபையரை அதன் எல்லைக்குள் ஓட்டினால் எந்த ஸ்பீக்கருக்கும் எதுவும் ஆகாது. எல்லையைத் தாண்டித் திருகும்போது அலையின் முகடுகள் வெட்டுப்பட்டு, சராசரிச் சக்தி ஏறி, அதில் கணிசமான பங்கு உயர் அலைவரிசைக்குப் போய், சில வாட்டுகளை மட்டுமே தாங்கும் ட்வீட்டரின் (உயர் அலைவரிசைக்கான சிறு ஸ்பீக்கரின்) கம்பிச்சுருள் எரிந்துபோகிறது. ஒலி கரகரத்து, காதைக் குத்தத் தொடங்கினால் உடனே குறைத்துவிடுங்கள்.

அளந்து பார்த்து, கையிருப்பு 3 டெசிபலுக்கும் குறைவு என்று தெரிந்தால் மட்டும் தனி பவர் ஆம்ப்ளிஃபையரைப் பற்றி யோசிக்கலாம். அதற்கு ரிசீவரின் பின்புறத்தில் முன்சானல்களுக்கான ப்ரீ-அவுட் முனைகள் (பெருக்கப்படாத ஒலியை வெளி ஆம்ப்ளிஃபையருக்குத் தருபவை) இருக்க வேண்டும். மீதமிருக்கும் சானல்களை வைத்து ஒரே ரிசீவரிலிருந்து பை-ஆம்ப் செய்யும், அதாவது ஒரு ஸ்பீக்கரின் மேல், கீழ் அலைவரிசைகளைத் தனித்தனி ஆம்ப்ளிஃபையர் சானல்களால் இயக்கும் வசதியில் பெரிய பயன் இல்லை. டிரான்ஸ்ஃபார்மர் அதே ஒன்றுதானே. செய்துதான் பார்ப்பேன் என்பவர், ஸ்பீக்கரின் பின்னால் இரு ஜோடி முனைகளையும் இணைத்திருக்கும் உலோகத் தகட்டை முதலில் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு ஆம்ப்ளிஃபையர்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த ரிசீவர் 120 வோல்ட்டுக்கானதா என்பதைப் பின்பக்கத் தகட்டில் பார்த்துவிட்டே நம் 230 வோல்ட் பிளக்கில் செருகுங்கள்.

ஒயருக்குப் பத்து மீட்டர் வரை 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போதும். போய்வரும் தூரம் இருபது மீட்டருக்கும் சேர்த்து அதன் தடை 0.15 ஓம் அளவுதான், 4 ஓம் ஸ்பீக்கருக்கு அது பொருட்டன்று. செம்பு பூசிய அலுமினியக் கம்பியைத் தவிர்த்துவிடுங்கள். சிவப்புக்குச் சிவப்பு, கருப்புக்குக் கருப்பு என்று இணைத்து முடித்ததும் தானியங்கி அளவீட்டை மறுபடி ஓட்டி, ‘ஸ்மால்’, 80 ஹெர்ட்ஸ் இரண்டும் அப்படியே இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, பழைய படத்தைப் பழைய காட்சியிலிருந்தே போட்டுக் கேளுங்கள்.