என்எச்35 டைவ் வாட்ச்: வாங்குவதும், திறப்பதும், ரப்பர் வளையம் மாற்றுவதும்

ரோலக்ஸ் சப்மரைனர் தோற்றத்தில் கடைகளில் இரண்டு வகை வாட்ச் கிடைக்கிறது. ஒன்று, ரோலக்ஸ் பெயரையும் கிரீடச் சின்னத்தையும் அப்படியே அச்சடித்த ‘ஃபர்ஸ்ட் காபி’. மற்றொன்று, அமைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு டயலில் தன் சொந்தப் பெயரைப் போடும் ‘ஹோமேஜ்’. இங்கே சொல்வதெல்லாம் இரண்டாவது வகைக்கு. முதல் வகையை வாங்காதீர்கள். அது போலிச் சரக்கு, விற்பது சட்டவிரோதம். பின்மூடியில் 300 மீட்டர் என்று பொறித்திருந்தாலும் அதற்குப் பொறுப்பேற்க ஆள் இல்லை. உள்ளே எந்த இயந்திரம் இருக்கிறது என்பது திறந்தால்தான் தெரியும்.

வாங்கும்போது

இயந்திரம் சீக்கோ குழுமத்தின் என்எச்35 ஆக இருக்கட்டும். உராய்வைக் குறைக்கும் 24 கற்கள், மணிக்கு 21,600 துடிப்பு, முழுச் சாவிக்கு சுமார் 41 மணி நேர ஓட்டம். உதிரி பாகம் எளிதில் கிடைக்கும், பழுதானால் முழு இயந்திரத்தையே மாற்றிவிடலாம். ஆரம்பநிலையில் இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

கையில் வந்ததும் சாவியை, அதாவது கிரவுனை, இடப்பக்கம் திருகி விடுவியுங்கள். அந்த நிலையில் வலப்பக்கம் சுற்றினால் சாவி ஏற வேண்டும். முதல் இழுப்பில் தேதி மாற வேண்டும், இரண்டாவது இழுப்பில் விநாடி முள் நிற்க வேண்டும். மலிவான டிஜி2813 வகை இயந்திரங்கள் பலவற்றில் முள் நிற்காது. இரவு 9 மணியிலிருந்து அதிகாலை 4 மணி வரை முட்கள் காட்டும் நேரத்தில் தேதியை மாற்றாதீர்கள். அப்போது தேதிச் சக்கரத்தின் பற்கள் பிடிப்பில் இருக்கும், உடைய வாய்ப்புண்டு.

‘வாட்டர் ரெசிஸ்டன்ட் 200 மீ’ என்பதும் ‘டைவர்ஸ் 200 மீ’ என்பதும் ஒன்றல்ல. இரண்டாவது, ஐஎஸ்ஓ 6425 தரத்தைச் சேர்ந்த சொல். குறித்த அழுத்தத்தைவிட 25 சதவீதம் கூடுதலாக ஏற்றிச் சோதிக்கச் சொல்கிறது அந்தத் தரம். பல ஹோமேஜ்களில் முதல் வாசகம் மட்டுமே இருக்கும். நீச்சல் குளத்துக்கு அது போதும், டைவிங்குக்கு அதை நம்பி இறங்க வேண்டாம்.

பின்மூடியும் ரப்பர் வளையமும்

புது வாட்ச் வாங்கியவர்கள் முதலில் பெசல் (கண்ணாடிக்கு வெளியே சுழலும் எண் வளையம்), முள், ஸ்ட்ராப் என்று அலங்காரத்தில் இறங்குகிறார்கள். தண்ணீர் நுழைவது இவற்றால் அல்ல. பின்மூடி வளையம், கிரவுன் வளையம், கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையம் என்ற மூன்று இடங்களில்தான் வாட்ச் பிழைப்பதும் சாவதும்.

தேவையானவை: ஒட்டும் ரப்பர் பந்து, மூன்று முனை ஜாக்ஸா ரெஞ்ச், கேஸ் ஹோல்டர் (வாட்சின் உடலைப் பிடிக்கும் பிடி), ட்வீசர், தூசி ஊதும் ரப்பர் ப்ளோயர், விரல் உறை, அளக்க வெர்னியர், சிலிக்கான் கிரீஸ் தடவிய பஞ்சு டப்பா.

1. ஃபேனை நிறுத்துங்கள். ஸ்ட்ராப்பைக் கழற்றி, கேஸை ஹோல்டரில் கண்ணாடி கீழே இருக்கும்படி இறுக்குங்கள்.

2. ரப்பர் பந்தை மூடியில் அழுத்தி இடப்பக்கம் திருகிப் பாருங்கள். நகராவிட்டால் மட்டும் ரெஞ்ச். அதற்கு முன் மூடியைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். ரெஞ்ச் வழுக்கினால் உலோகத்தில் விழும் கோடு போகாது.

3. பழைய வளையத்தை எடுத்து விட்டத்தையும் தடிமனையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். உருண்டையாக இருக்க வேண்டியது தட்டையாகியிருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. நசுங்கியதன் தடிமன் குறைவாகக் காட்டும், அதனால் பள்ளத்தின் ஆழத்தையும் சேர்த்து அளந்து முடிவு செய்யுங்கள்.

4. பள்ளத்தைப் பல் குத்தும் குச்சியால் சுத்தம் செய்து ஊதிவிடுங்கள். ஒரு நூலிழை இருந்தாலும் அந்த வழியே தண்ணீர் ஏறும்.

5. புது வளையத்தைக் கிரீஸ் பஞ்சில் ஒருமுறை அழுத்தி எடுங்கள். மினுமினுப்பு தெரிந்தால் போதும், கட்டியாகத் தெரிந்தால் அதிகம். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் வேண்டவே வேண்டாம். அவை இளகிப் படர்ந்து இயந்திரத்துக்குள் போய்விடும்.

6. மூடியை வைத்து முதலில் இடப்பக்கம் மெதுவாகச் சுற்றுங்கள். புரி ‘டிக்’ என்று உட்காரும் இடம் கையில் தெரியும். அங்கிருந்து வலப்பக்கம் திருகுங்கள். இறுகிவரும் நேரத்தில்தான் வளையம் மூடியோடு சேர்ந்து சுருண்டு வெளியே பிதுங்கும். ஆரம்பநிலையில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். விளிம்பில் கறுப்பாக எதுவும் தெரிந்தால் திறந்து மறுபடி உட்காரவையுங்கள்.

கிரவுன் திருகுவதற்கும் இதே பழக்கம் பொருந்தும். புரி மாறி ஏறினால் குழாயின் மரை தேய்ந்துவிடும். கிரவுன் வளையத்தைத் தனியாக மாற்றுவது கடினம், கிரவுனையே மாற்றுங்கள். அதற்காக ஸ்டெம்மை, அதாவது கிரவுனிலிருந்து இயந்திரத்துக்குள் போகும் கம்பியை, உருவும்போது அதை விடுவிக்க அழுத்தும் புள்ளியை ஆழமாகக் குத்தாதீர்கள். உள்ளிருக்கும் நெம்பு இடம் மாறினால் ஸ்டெம் பிடிக்காது, அதைச் சரிசெய்ய முள்ளும் டயலும் கழற்ற வேண்டிவரும்.

நேரம் திருத்துவது

மூடியை மாட்டுவதற்கு முன் இதையும் செய்துவிடலாம். என்எச்35க்குத் தயாரிப்பாளர் தரும் வரம்பு நாளொன்றுக்கு −20 முதல் +40 விநாடி. முப்பது நாற்பது சுற்று சாவி கொடுத்து, டயல் மேல்நோக்கி இருக்க டைம்கிராஃபரில், அதாவது துடிப்பைக் கேட்டு ஓட்டத்தை அளக்கும் கருவியில், வையுங்கள். அந்தக் கருவியில் லிஃப்ட் ஆங்கிள் என்ற அமைப்பை 53 என்று வையுங்கள். வீச்சு, அதாவது பேலன்ஸ் என்ற ஆடும் சக்கரம் திரும்பும் அளவு, 250 டிகிரிக்கு மேல் இருந்தால் நலம். 200ஐ ஒட்டி இருந்தால் எண்ணெய் வறண்டிருக்கும். அதற்குத் திருத்தம் மருந்தல்ல, முழு சர்வீஸ்தான் வேண்டும்.

பேலன்ஸ் மேல் இரண்டு சிறு கைகள் தெரியும். ஒன்று வேகத்தை மாற்றும், மற்றொன்று துடிப்புச் சமநிலையை மாற்றும். கருவி காட்டும் பீட் எரர், அதாவது ‘டிக்’குக்கும் ‘டாக்’குக்கும் உள்ள வித்தியாசம், 0.8 மில்லி விநாடிக்குள் இருந்தால் இரண்டாவதைத் தொடாதீர்கள். வேகக் கையை மரக்குச்சியால் மயிரிழை அளவு தள்ளி, எண் நிலைக்கும்வரை பொறுத்துப் பாருங்கள். உலோக முனை வழுக்கி, பேலன்ஸை ஆட்டும் மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங்கில் பட்டால் பேலன்ஸையே மாற்ற வேண்டும். வாட்ச் திடீரென்று நாளுக்குச் சில நிமிடம் முந்தினால் காந்தம் ஏறியிருக்கலாம். எதையும் தொடுமுன் காந்தம் நீக்கும் டீமேக்னடைசரில் காட்டுங்கள்.

தோற்றம்

பெசல் வளையத்தின் உள் விட்டம், வெளி விட்டம், சரிவா தட்டையா என்ற மூன்றையும் அளந்த பிறகே அதன் மேல் ஒட்டும் செராமிக் இன்சர்ட் வாங்குங்கள். இருபக்க ஒட்டு வளையம் போதும். சூப்பர் குளூவின் ஆவி வெள்ளையாகப் படியும். முள் மாற்றினால் துளை அளவு மணி முள்ளுக்கு 1.50, நிமிட முள்ளுக்கு 0.90, விநாடி முள்ளுக்கு 0.20 மில்லிமீட்டர். கண்ணாடியை மட்டும் பிரஸ் வைத்திருக்கும் கடையில் மாற்றுங்கள். கோணலாக இறங்கினால் வளையம் வெட்டுப்படும்.

ஈரச் சோதனை

மூடியதும் பிரஷர் டெஸ்டர் உள்ள கடையில் காற்றழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள், அதில் தண்ணீர் தேவையில்லை. தேறிய பிறகு ஒரு மணி நேரம் தண்ணீரில் போட்டு எடுத்துத் துடையுங்கள். வாட்சை 40 முதல் 45 டிகிரி வரை பத்து நிமிடம் சூடாக்கி, கண்ணாடி மேல் ஒரு சொட்டுச் சாதாரணத் தண்ணீர் விட்டு ஒரு நிமிடம் கழித்துத் துடையுங்கள். கண்ணாடியின் உட்புறம் பனித்திருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. வெயிலிலோ அரிசியிலோ வைத்துக் காத்திருக்காதீர்கள். அன்றே மூடியைத் திறந்து, இயந்திரத்தைக் கடையில் கொடுத்துவிடுங்கள். முதலில் துருப்பிடிப்பது ஸ்டெம், அதுவும் கடல் நீராக இருந்தால் ஓரிரு நாளிலேயே.