சிபியு 15 சதவீதம்தான், அப்புறம் ஏன் திணறுகிறது? ஃப்ளைட் சிமுலேட்டரின் மில்லிசெகண்ட் கணக்கு

சிமுலேட்டர் திணறுகிறது என்று வருகிறவர்கள் கையோடு கொண்டுவரும் கேள்வி ஒன்று உண்டு: "டாஸ்க் மேனேஜரில் சிபியு 15 சதவீதம்தான் காட்டுகிறது, அப்புறம் ஏன் ஃப்ரேம் வரவில்லை?" ஃப்ரேம் என்பது திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படம்; விநாடிக்கு எத்தனை வருகிறது என்பதுதான் பேச்சு. அந்த 15 சதவீதத்தை நம்பாதீர்கள். 8 கோர் (தனித்தனியே கணக்கிடும் பகுதி), 16 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலைச் சரம்) உள்ள சிப்பில் ஒரே ஒரு த்ரெட் மூச்சுமுட்ட ஓடினாலும் மொத்தக் கணக்கில் அது 6 சதவீதச் சொச்சம்தான். சிமுலேட்டரின் முக்கிய வேலைகளை வரிசையாகச் செய்யும் மெயின் த்ரெட் அந்த ஒன்று. மற்றவை ஓரமாக ஏதோ வேலை பார்த்துக்கொண்டிருக்க, இது மட்டும் வழிய வழிய நிரம்பியிருக்கும்.

நான் ஓய்வு நேரத்தில் ஓர் இரட்டை டர்போப்ராப் விமானத்துக்கு எரிபொருள், ஹைட்ராலிக் அமைப்புகளை எக்ஸ்-பிளேன் என்ற ஃப்ளைட் சிமுலேட்டருக்குப் பிளக்-இன்னாக (உள்ளே சேர்த்து ஓட்டும் துணைப் புரோகிராமாக) எழுதுகிறவன். பறக்கும்போது ஃப்ரேம் கேட்பேன், எழுதும்போது அதே ஃப்ரேமைத் தின்பேன். அதனால் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

வேகம் ஏன் ஏறவில்லை

2000 நவம்பரில் வந்த பென்டியம் 4-இன் வேகம் 1.5 கிகாஹெர்ட்ஸ். நான்கே ஆண்டில் அது 3.8 ஆனது. அடுத்து 4 கிகாஹெர்ட்ஸ் என்று அறிவித்திருந்த இன்டெல், 2004 அக்டோபரில் அதைக் கைவிட்டது. இருபது ஆண்டு கழித்து, 2024-இல் வந்த கோர் ஐ9-14900கேஎஸ் தொடும் உச்சம் 6.2 கிகாஹெர்ட்ஸ், அதுவும் எல்லாக் கோர்களிலும் இல்லை. நான்கு ஆண்டில் இரண்டரை மடங்கு, அப்புறம் இருபது ஆண்டில் ஒன்றரை மடங்குச் சொச்சம். காரணம் சூடு. சிப் தின்னும் மின்சாரம் வேகத்தோடு நேராகவும், வோல்டேஜின் வர்க்கமாகவும் ஏறும். வேகத்தைக் கூட்ட வோல்டேஜையும் கூட்ட வேண்டும். ஒரு கட்டத்துக்கு மேல் அந்தச் சூட்டை வெளியேற்ற வழியில்லை.

அதனால்தான் தயாரிப்பாளர்கள் கோர்களைக் கூட்டினார்கள். ஒவ்வொரு கடிகாரச் சுற்றிலும் முடியும் வேலையும் கூடியது, அதை மறுக்கவில்லை. ஆனால் 2006 அக்டோபரில் வந்த மைக்ரோசாஃப்டின் ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ், கோர் பெருகும் காலத்துக்கு ஏற்பக் கட்டப்பட்டது இல்லை. நிலப்பரப்பை ஏற்றும் வேலையை மற்ற கோர்களுக்குப் பிரித்துக்கொடுக்க, அடுத்த ஆண்டு ஒரு சர்வீஸ் பேக் (திருத்தத் தொகுப்பு) வர வேண்டியிருந்தது.

எல்லாவற்றையும் பிரித்துக்கொடுத்துவிட முடியாதா? ஊர் கூடித் தேர் இழுக்கலாம், ஊசியில் நூல் கோர்க்க ஒருவர்தான். ஜாய்ஸ்டிக் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் இறக்கையின் மேல் விசை தெரியும். விசை தெரிந்தால்தான் விமானம் நிற்கும் இடம், இடம் தெரிந்தால்தான் கேமரா பார்ப்பது என்ன, அது தெரிந்தால்தான் வரைய வேண்டியது என்ன. ஒரு ஃப்ரேமுக்கு 30 மில்லிசெகண்ட் ஆகிறது, அதில் 18 இப்படிச் சங்கிலியாகத்தான் நடக்கும் என்றால், நூறு கோர் வாங்கிப் போட்டாலும் 18-க்குக் கீழே போகாது. விநாடிக்கு 55 ஃப்ரேம், அதோடு சரி. கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-லேயே சொன்ன கணக்கு இது.

முதலில் அளந்து பாருங்கள்

ஒரு செட்டிங்கையும் தொடாமல் அளவு எடுங்கள். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் டெவலப்பர் மோடை இயக்கி, ஃப்ரேம் கணக்குப் பெட்டியைத் திறந்தால் "லிமிட்டட் பை மெயின்த்ரெட்" என்றோ "லிமிட்டட் பை ஜிபியு" என்றோ (ஜிபியு என்பது கிராஃபிக்ஸ் கார்டின் சிப்) அதுவே சொல்லிவிடும். எக்ஸ்-பிளேனில் டேட்டா அவுட்புட் பக்கத்தில் ஃப்ரேம் ரேட் வரியைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். சிபியு நேரம், ஜிபியு நேரம் இரண்டும் தனித்தனியே வரும். எது பெரிதோ அதுதான் முட்டுகிறது.

இந்த வசதி இல்லாத சிமுலேட்டர் என்றால் குறுக்குவழி ஒன்று உண்டு. ரெசல்யூஷனைப் பாதியாகக் குறையுங்கள். ஃப்ரேம் ஏறினால் கிராஃபிக்ஸ் கார்டுதான் திணறியிருக்கிறது. படம் மட்டும் மங்கி, எண் நின்ற இடத்திலேயே நின்றால் சிபியு. அளவு எடுக்கும் இடமும் முக்கியம். நடுக்கடலுக்கு மேல் 35,000 அடியில் எந்தக் கணினியும் நன்றாகத்தான் ஓடும். பெரிய விமான நிலையத்தின் கேட்டில், நீங்கள் ஓட்டப்போகும் அதே விமானத்தில், காக்பிட்டுக்குள் உட்கார்ந்து அளந்து பாருங்கள்.

இன்னொரு பழக்கமும் வேண்டும்: ஃப்ரேம் எண்ணிக்கையை விட்டுவிட்டு மில்லிசெகண்டில் பேசுங்கள். 2 மில்லிசெகண்ட் எடுக்கும் ஓர் ஆட்-ஆன் (சிமுலேட்டரோடு தனியாகச் சேர்க்கும் விமானம், வானிலை போன்ற கூடுதல்), 30 ஃப்ரேமில் ஓடுகிறவருக்கு ஒன்றரைச் சொச்சம் ஃப்ரேமைத்தான் பறிக்கும். 60-இல் ஓடுகிறவருக்கு 6 போய்விடும். "எனக்கு ஒன்றும் தெரியவில்லையே" என்று ஒருவரும் "பாழாக்கிவிட்டது" என்று ஒருவரும் சண்டை போடுவது பெரும்பாலும் இதனால்தான். இருவர் சொல்வதும் உண்மை.

எதைக் குறைப்பது

சிபியு முட்டுகிறது என்று தெரிந்த பிறகு மேகத்தையும் ஆன்டி-அலையாஸிங்கையும் (விளிம்புகளை வழவழப்பாக்குவது) குறைத்துப் பயனில்லை, அவை கிராஃபிக்ஸ் கார்டின் பாடு. மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் நிலப்பரப்பை எவ்வளவு நுணுக்கமாகக் காட்டுவது என்ற டெரெய்ன் லெவல் ஆஃப் டீட்டெய்ல்தான் முதல் ஆள். 200-இல் இருந்தால் 100-க்குக் கொண்டுவந்து பாருங்கள். அடுத்து, சிமுலேட்டரே உருவாக்கும் விமானப் போக்குவரத்து, நிலையத்து வாகனங்கள், கிளாஸ் காக்பிட் (காக்பிட்டின் மின்னணுத் திரைகள்) ரெஃப்ரெஷ் ரேட். எக்ஸ்-பிளேனில் கட்டடம் போன்ற பொருள்களின் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைக்கும் வேர்ல்ட் ஆப்ஜெக்ட்ஸ் ஸ்லைடர்.

குறைத்தபின் ஃப்ரேமை ஓர் எண்ணில் பூட்டிவிடுங்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஆடாமல் நிற்கும் 30, 38-க்கும் 55-க்கும் இடையே தாவும் 45-ஐ விடக் கண்ணுக்கு நல்லது. ஃப்ரேம் ஜெனரேஷன் பற்றிக் கேட்பீர்கள். அது இடையில் படங்களைச் செருகுகிறது, பார்க்க வழவழப்பாக இருக்கும். மெயின் த்ரெட் பழைய வேகத்தில்தான் ஓடும், கட்டுப்பாட்டின் பதிலும் விரைவாக வராது, தாமதம் கொஞ்சம் கூடவும் செய்யலாம்.

எக்ஸ்-பிளேன்காரர்கள் கவனிக்க: ஃப்ரேம் 20-க்குக் கீழே இறங்கினால் அந்தச் சிமுலேட்டர் நேரத்தையே மெதுவாக்கிவிடும். கணக்கு கெட்டுப்போகாமல் இருக்க அப்படிச் செய்கிறது. மற்றவர்களோடு இணையத்தில் பறக்கும்போது உங்கள் 140 நாட் வேகம், அடுத்தவர் திரையில் 120-ஆக ஊர்ந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

லேப்டாப்பில் பறப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. பெட்டியில் அச்சிட்ட உச்ச வேகம் குளிர்ந்த சிப்புக்கு உரியது. இரண்டு மணி நேரம் பறந்து, உள்ளே எல்லாம் சூடேறிய பிறகுதான் இறங்குகிறீர்கள். கனமான நகரமும், நெருக்கமான விமான நிலையமும், நுணுக்கமான கட்டுப்பாடும் ஒன்றாகத் தேவைப்படும் அந்த நேரத்தில்தான் சிப் வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கும். டாஸ்க் மேனேஜரில் வேகத்தைக் காட்டும் எண்ணைக் கிளம்பும்போதும் இறங்கும்போதும் குறித்துப் பாருங்கள். பெரிய வித்தியாசம் இருந்தால் செட்டிங்கை விட்டுவிட்டு விசிறியில் அடைந்த தூசியைக் கவனியுங்கள்.

புதிதாக வாங்குகிறீர்களா? கோர் எண்ணிக்கைக்காகப் பணம் கொட்ட வேண்டாம் என்பது என் கருத்து. 8 நல்ல கோர் போதும், கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) பெரிதாக இருக்கட்டும். ஏஎம்டியின் ரைசன் 7 5800எக்ஸ்3டி (2022) அதே வரிசையின் 5800எக்ஸைவிட உச்ச வேகத்தில் குறைவு, 4.7-க்கு 4.5 கிகாஹெர்ட்ஸ். ஆனால் எல்3 கேஷ் 32 மெகாபைட்டுக்குப் பதில் 96. சிமுலேட்டரில் 3டி சிப்தான் முந்துகிறது. மெயின் த்ரெட் ஓயாமல் நினைவகத்தில் அங்குமிங்கும் தேடுகிறது. ஒவ்வொரு முறை ராம் வரை போய் வருவதற்குள் சிப் நூற்றுக்கணக்கான சுற்றுகளைச் சும்மா கழித்துவிடும்.

ஆட்-ஆன் எழுதுகிறவர்களுக்கு

உங்கள் கணினியில் உங்கள் ஆட்-ஆன் மட்டும்தான் ஓடுகிறது. பயனரிடம் வானிலை, போக்குவரத்து, தரைப் பணியாளர் என்று இன்னும் நான்கு இருக்கும். ஆளுக்கு 2 மில்லிசெகண்ட் எடுத்தால் மொத்தம் 10. 60 ஃப்ரேமில் ஓடிய கணினி 37-க்கு வந்து நிற்கும். ஆளாளுக்கு "நான் கொஞ்சம்தான் எடுத்தேன்" என்பார்கள்.

முதல் கேள்வி: இந்த எண்ணை ஒவ்வொரு ஃப்ரேமிலும் கணக்கிட வேண்டுமா? செயற்கை அடிவானத்துக்கு வேண்டும். எரிபொருள் தொட்டியின் வெப்பநிலைக்கு விநாடிக்கு ஒருமுறையே அதிகம். எக்ஸ்-பிளேனின் ஃப்ளைட் லூப் கால்பேக்கில் (சிமுலேட்டர் திரும்பத் திரும்பக் கூப்பிடும் உங்கள் பங்ஷன்) இதற்கு வழி இருக்கிறது: நீங்கள் திருப்பித் தரும் எண் நேர்ம எண்ணாக இருந்தால் அத்தனை விநாடி கழித்துக் கூப்பிடும், எதிர்ம எண்ணாக இருந்தால் அத்தனை ஃப்ரேம் கழித்து, பூஜ்யம் என்றால் கூப்பிடவே கூப்பிடாது. பழக்கத்தில் எல்லோரும் மைனஸ் ஒன்று போட்டுவிடுகிறார்கள். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரோடு பேச உதவும் சிம்கனெக்ட்டில் தரவு கேட்கும்போதும் இப்படித்தான். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும், விநாடிக்கு ஒருமுறை, மாறினால் மட்டும் என்று கேட்கலாம். எரிபொருளை 10 கிலோ படியாகக் காட்டும் டிஸ்ப்ளே, 10 கிலோ மாறும்வரை எதையும் மறுபடி வரைய வேண்டியதில்லை.

இதைச் செய்தவர்களும் சறுக்கும் இடம் அடுத்தது. விநாடிக்கு ஒருமுறை நடக்கும் வேலைகள் பத்து இருந்து, பத்தும் ஒரே ஃப்ரேமில் விழுந்தால், சராசரி அழகாக இருக்கும், படம் மட்டும் விநாடிக்கு ஒருமுறை வெட்டும். கடிகாரம் பிடித்ததுபோல் வரும் திணறல் என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். பேட்டரியை ஒரு ஃப்ரேமில், கேபின் அழுத்தத்தை மூன்று ஃப்ரேம் தள்ளி, ஹைட்ராலிக்கை இன்னும் மூன்று தள்ளி என்று கலைத்துப் போடுங்கள்.

நேவிகேஷன் டிஸ்ப்ளேயை நெருக்கமாகப் பார்ப்போம். 40 மைல் ஆரத்துக்குள் இருக்கும் வேபாயிண்ட்களை (வழிப் புள்ளிகளை) காட்ட வேண்டும். எளிய வழி, உலகத்தில் உள்ள அத்தனை வேபாயிண்டுக்கும் தூரம் கணக்கிட்டு வடிகட்டுவது. சைன், கொசைன் எல்லாம் லட்சக்கணக்கில் ஓடும். மாறாக, ஏற்றும்போதே அட்ச, தீர்க்க ரேகைப்படி ஒரு டிகிரிக் கட்டங்களாகப் பிரித்து வைத்துவிட்டால், விமானம் இருக்கும் கட்டத்தையும் தொட்டிருக்கும் கட்டங்களையும் மட்டும் பார்த்தால் போதும். துருவத்தை நெருங்கும்போது தீர்க்க ரேகைகள் குறுகும், அங்கே இன்னும் சில கட்டங்களைச் சேர்க்க வேண்டும். இந்தத் தேடலை வேறொரு த்ரெட்டுக்கு அனுப்பிவிட்டு, முடிந்த பட்டியலை மட்டும் மெயின் த்ரெட்டில் வாங்கிக்கொள்ளலாம். ஒரே எச்சரிக்கை: எக்ஸ்-பிளேனின் எஸ்டிகே (பிளக்-இன் எழுதத் தரும் கருவித்தொகுப்பு) அழைப்புகளை வேறு த்ரெட்டிலிருந்து செய்யக் கூடாது. தேவையான எண்களை முதலில் நகலெடுத்துக் கொடுத்துவிட்டு அந்த த்ரெட்டை விடுங்கள். முழு அமைப்பையும் சிமுலேட்டருக்கு வெளியே தனிப் புரோகிராமாக ஓட்டுகிறவர்களும் உண்டு. மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டருக்கான ஃபெனிக்ஸ் ஏ320 விமானம் அந்த வகை.

லுவா என்ற ஸ்கிரிப்ட் மொழியில் எழுதுகிறவர்கள் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் புதிய டேபிள், புதிய ஸ்ட்ரிங் உருவாக்காதீர்கள். குப்பை சேரும், அதை அள்ளும் நேரத்தில் படம் நிற்கும். டேட்டாரெஃப்பை (எக்ஸ்-பிளேன் வெளியே காட்டும் மாறியை) பெயர் சொல்லித் தேடுவது ஆரம்பத்தில் ஒருமுறை போதும்.

ஆட்டோபைலட் எழுதினால் காலப் படியை (ஒரு கணக்குக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரத்தை) மாறிலியாக வைக்காதீர்கள். உங்களிடம் 60 ஃப்ரேமில் நூல் பிடித்ததுபோல் போகும் விமானம், 22 ஃப்ரேமில் ஓடும் கணினியில் இறக்கையை இடமும் வலமுமாக ஆட்டத் தொடங்கும். திருத்தம் ஒவ்வொரு முறையும் தாமதமாக வந்து, அளவுக்கு மீறிப் போய், மறுபடி திரும்புகிறது. கால்பேக்கே கடந்த நேரத்தைக் கையில் கொடுக்கிறது, அதைக் கொண்டு பெருக்குங்கள். படி மிகப் பெரிதானால், கணக்குக்குத் தேவையான அளவுகள் சிமுலேட்டரிடமிருந்து வராமல் உங்கள் கையிலேயே இருந்தால் மட்டும் இரண்டு மூன்றாக உடைத்து ஓட்டுங்கள்.

சீனரி செய்கிறவர்களுக்கு இரண்டே வார்த்தை. ஒரு பொருளை வரையச் சொல்லும் கட்டளையும் சிபியுவிலிருந்துதான் போகிறது. பத்துத் தள்ளுவண்டிக்குப் பத்து டெக்ஸ்ச்சர் (மேற்பரப்பில் ஒட்டும் படம்) வைத்தால் பத்துக் கட்டளை. எல்லாவற்றையும் ஒரே டெக்ஸ்ச்சர் தாளில் அடுக்குங்கள். டெர்மினலுக்குள் நாற்காலி வரிசை செய்திருந்தால், ஓடுபாதையிலிருந்து பார்க்கும்போது அது மறையும்படி எல்ஓடி (தூரத்துக்கேற்ற நுணுக்க அளவு) வையுங்கள்.

கடைசியாக, கையேட்டில் ஒரு வரி எழுதுங்கள்: இந்த ஆட்-ஆன் இன்ன சிப்பில், கேட்டில் நிற்கும்போது இத்தனை மில்லிசெகண்ட், தரையிறங்க ஓடுபாதையை நெருங்கும்போது இத்தனை. எக்ஸ்-பிளேனின் பிளக்-இன் அட்மினிலேயே ஒவ்வொரு பிளக்-இன்னும் எடுக்கும் நேரம் தெரிகிறது, தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. அந்த அளவையும் உங்களிடம் இருப்பதிலேயே பழைய கணினியில் எடுங்கள்.