மதர்போர்டு: முதலில் மீட்கப் பழகுவோம், அப்புறம் வேகம் கூட்டுவோம்

ஓவர்கிளாக் செய்வது, அதாவது சிபியுவையும் ராமையும் வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டுவது, எப்படி என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் ஒன்று கேட்பேன்: "நாளைக்குக் காலையில் உங்க சிஸ்டத்தில் டிஸ்பிளே வரவில்லை என்றால் என்ன செய்வீங்க?" கடைக்குத் தூக்கிப்போவேன் என்பது பதிலானால், அவர்கள் இந்தப் பதிவின் முதல் பாதியைச் செய்து பழகிவிட்டுத்தான் இரண்டாம் பாதிக்கு வர வேண்டும். வேகம் கூட்டும்போது சிஸ்டம் ஒரு முறையாவது எழும்பாமல் போகும். அதை எழுப்பத் தெரிந்தவருக்கு அது ஐந்து நிமிட வேலை.

அக்கா மகன் கல்லூரிக்காக செகண்ட் ஹேண்டில் ஒரு சிஸ்டம் வாங்கினான். பி450 போர்டு, ரைசன் 5 3600, 8 ஜிபி ராம் இரண்டு, தனி கிராபிக்ஸ் கார்டு. ஒரு வாரத்தில் போன் வந்தது. "மாமா, பட்டனை அமுக்கினா ஃபேன் அரைச் சுத்து சுத்திட்டு நின்னுடுது. போர்டு போயிடுச்சு, வேற வாங்குங்கன்னு கடையில சொல்லிட்டாங்க." அந்த சிஸ்டத்தையே இங்கே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். அந்த போர்டு இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கை வைக்கும் முன்

எஸ்எம்பிஎஸ் (சிஸ்டத்துக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) ஸ்விட்சை அணைத்து, பவர் கார்டைப் பிடுங்குங்கள். பிறகு கேபினெட்டின் பவர் பட்டனை ஐந்து வினாடி அமுக்கிப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். போர்டில் ஒரு சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அது அணையும் வரை காத்திருங்கள். சிஸ்டம் அணைந்திருந்தாலும், பவர் கார்டு செருகியிருக்கும் வரை எஸ்எம்பிஎஸ் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரத்தை போர்டுக்குக் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும். அந்த நிலையில் ராமைக் கழற்றி மாட்டக் கூடாது.

கேபினெட்டைத் தொட்டால் விறுவிறு என்று லேசாக ஷாக் அடிக்கிறதா? அது போர்டின் கோளாறு இல்லை, வீட்டில் எர்த் சரியில்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் இரைச்சல் வடிகட்டிக் கெபாசிட்டர்கள் வழியாகக் கசியும் சிறு மின்சாரம் எர்த்தில் இறங்க வழியில்லாமல் கேபினெட்டில் நிற்கிறது. மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் மாட்டியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்த பிறகு மற்ற வேலை.

எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், பவர் கார்டைப் பிடுங்கிய பிறகும்.

டிஸ்பிளே வரவில்லை: எங்கே தொடங்குவது

விலை மலிவான காரணங்களிலிருந்து தொடங்குங்கள். மானிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது? ரைசன் 5 3600-இல் கிராபிக்ஸ் கிடையாது. அதனால் போர்டின் எச்டிஎம்ஐ துளையில் செருகினால் படம் வரவே வராது, கிராபிக்ஸ் கார்டில்தான் செருக வேண்டும். அடுத்து, போர்டின் மேல் மூலையில் சிபியுவுக்கான 8 பின் கனெக்டர். 24 பின் கனெக்டரை மறப்பவர் குறைவு, இதை மறப்பவர்கள் நிறைய. மாட்டியிருந்தாலும் 'க்ளிக்' சத்தம் வரும் வரை அழுத்துங்கள். கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின் வேறு, சிபியுவுக்கான 8 பின் வேறு. நுழையாததைப் பலவந்தமாக நுழைக்காதீர்கள்.

பிறகு போர்டு சொல்வதைக் கேளுங்கள். இப்போதைய போர்டுகள் பலவற்றில் சிபியு, டிராம் (ராம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் என்று நான்கு குட்டி விளக்குகள் உண்டு. எந்த விளக்கில் போய் நிற்கிறதோ அங்கேதான் தடங்கல். விளக்கு இல்லாத போர்டாக இருந்தால் ஒரு சின்ன பீப் ஸ்பீக்கரை வாங்கி மாட்டுங்கள். பீப் எண்ணிக்கையின் பொருள் பயாஸுக்கு பயாஸ் (போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருள்) மாறும், போர்டின் கையேட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

டிராம் விளக்கில் நின்றால் ராம்களைக் கழற்றுங்கள். தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதாமல் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஊதினால் எச்சில் ஈரம் படும். ஒரே ஒரு ராமை மட்டும் ஏ2 ஸ்லாட்டில், அதாவது சிபியுவிலிருந்து எண்ணினால் இரண்டாவதில், மாட்டிப் பாருங்கள். வந்தால் அடுத்ததை பி2-வில், நான்காவது ஸ்லாட்டில். ஒரு ஸ்லாட் தள்ளித் தள்ளி மாட்டினால்தான் ராமுக்கும் சிபியுவுக்கும் நடுவிலான இரண்டு பாதையும் (சேனல்) வேலை செய்யும். புது டிடிஆர்5 போர்டு வைத்திருப்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: முதல் முறை ஆன் செய்யும்போது ராமைப் பழக்கிக்கொள்ள அது சில நிமிடங்கள் கறுப்புத் திரையுடனே இருக்கும். பதறி அணைத்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும்.

சிபியு விளக்கில் நின்றால் பயாஸ் பழையதா என்று பாருங்கள். பி450 வந்தது 2018-இல், ரைசன் 3000 வந்தது 2019-இல். அப்டேட் செய்யாத பழைய போர்டுக்கு அந்த சிபியுவை அடையாளம் தெரியாது. சிபியுவைக் கழற்றிப் பார்க்க வேண்டி வந்தால் ஒரு எச்சரிக்கை: ஏஎம்4 சிபியுவில் (3600-உம் இந்த வகைதான்) கால்கள் சிபியுவிலேயே இருக்கின்றன. காய்ந்த தெர்மல் பேஸ்ட் பசைபோல ஒட்டி, கூலரைத் தூக்கும்போது பூட்டிய சாக்கெட்டிலிருந்து சிபியுவும் சேர்ந்து பிய்ந்து வரும், கால்கள் வளையும். கூலரை இடமும் வலமுமாகத் திருகித் திருகிப் பிடிப்பு விட்ட பிறகே தூக்குங்கள்.

எஸ்எம்பிஎஸ் மேல் சந்தேகமா? எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, 24 பின் கனெக்டரில் பச்சைக் கம்பியையும் பக்கத்துக் கறுப்புக் கம்பியையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்து ஆன் செய்தால் அது தனியாகச் சுற்றும். எல்லாக் கம்பியும் கறுப்பாக இருந்தால் வரைபடத்தைப் பார்த்து 16-ஆவது பின்னைக் கண்டுபிடியுங்கள். மல்டிமீட்டரில் 12 வோல்ட் என்பது 11.4-க்கும் 12.6-க்கும் நடுவிலும், 5 வோல்ட் என்பது 4.75-க்கும் 5.25-க்கும் நடுவிலும் இருக்க வேண்டும். இந்தச் சோதனையில் தேறினால் 'செத்துப்போகவில்லை' என்று மட்டும்தான் அர்த்தம். சுமை ஏறும்போது தொய்யும் எஸ்எம்பிஎஸ் இதில் பிடிபடாது.

இனி நம் பையனின் சிஸ்டம். அரைச் சுற்று சுற்றி நின்றுவிடுவது ஷார்ட் சர்க்யூட்டின் குணம். எஸ்எம்பிஎஸ் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள மின்சாரத்தை நிறுத்திவிடுகிறது. போர்டைக் கழற்றி ஓர் அட்டைப்பெட்டியின் மேல் வைத்தேன். சிபியு, கூலர், ஒரு ராம், கிராபிக்ஸ் கார்டு, எஸ்எம்பிஎஸ், அவ்வளவுதான். பவர் ஸ்விட்ச் பின்கள் இரண்டையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டதும் ஃபேன் நிற்காமல் ஓடியது. டிஸ்பிளே வந்தது. அப்படியானால் குற்றவாளி கேபினெட்.

போர்டைத் திருப்பி டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். துளையே இல்லாத ஓரிடத்தில், மிளகு அளவுக்கு வட்டமாக ஒரு கீறல், அதன் நடுவில் சாலிடர் புள்ளி ஒன்று தேய்ந்து பளபளத்தது. கேபினெட்டில் நேர் எதிரே ஒரு பித்தளை ஸ்டாண்டாஃப், போர்டைத் தகட்டில் படாமல் தூக்கிப் பிடிக்கும் குட்டித் தூண், நின்றது. முன்பு அந்தக் கேபினெட்டில் இருந்த வேறு போர்டுக்காக யாரோ மாட்டியது. மூக்குக் குறட்டால் திருகி எடுத்தேன். ஒன்பதாயிரம் ரூபாய் போர்டுச் செலவு அந்த ஒற்றைத் திருகாணியில் நின்றிருந்தது. உங்கள் போர்டை மாட்டும்முன் துளைகளை எண்ணுங்கள், ஸ்டாண்டாஃப்களையும் எண்ணுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

கடைசியாக, சீமாஸ் கிளியர். இதுதான் ஓவர்கிளாக் செய்பவரின் உயிர்நாடி. மின்சாரத்தைத் துண்டித்து, போர்டில் 'சிஎல்ஆர் சீமாஸ்' போன்ற பெயருடன் இருக்கும் இரண்டு பின்களைப் பத்து வினாடி ஸ்க்ரூடிரைவரால் இணைத்தாலோ, சிஆர்2032 பட்டன் செல்லைக் கழற்றி ஐந்து நிமிடம் வைத்தாலோ பயாஸ் அமைப்புகள் பழையபடி ஆகிவிடும். இதை இன்றே, சிஸ்டம் நன்றாக இருக்கும்போதே, ஒரு முறை செய்து பாருங்கள். சுவர் ஸ்விட்சையும் தினமும் அணைக்கும் பழக்கமுள்ள வீடுகளில் அந்த செல் சீக்கிரம் தீரும், ஏனென்றால் அந்த நேரமெல்லாம் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். தேதி தவறாகக் காட்ட ஆரம்பித்தால் செல்லை மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் சேமித்த வேகமும் ஒரு நாள் காணாமல் போகும்.

உங்கள் போர்டில் முடியுமா?

ஏஎம்டி-யில் பி450, பி550, எக்ஸ்570 போன்றவற்றில் சிபியு வேகத்தைக் கூட்டலாம், ஏ320, ஏ520-இல் முடியாது. இன்டெலில் 'கே' எழுத்துள்ள சிபியுவும் 'இசட்' வரிசை போர்டும் சேர்ந்தால்தான் பெருக்கியை, அதாவது சிபியு வேகத்தை நிர்ணயிக்கும் எண்ணை, தொட முடியும். சாக்கெட்டைச் சுற்றியிருக்கும் விஆர்எம் பகுதியையும் பாருங்கள். 12 வோல்ட்டை ஒரு வோல்ட் சொச்சமாக இறக்கி சிபியுவுக்குக் கொடுப்பது அதுதான். அதன் மேல் ஹீட்சிங்க் இல்லாத போர்டில் சிபியு ஓவர்கிளாக் வேண்டாம் என்பேன்.

முதல் லாபம் ராமில்

பையனின் ராமில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் 3200 என்றது. ஓடிக்கொண்டிருந்தது 2133-இல். அவன் காசு கொடுத்து வாங்கிய வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு சும்மா கிடந்தது. பயாஸில் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை (சில போர்டுகளில் டிஓசிபி, ஏ-எக்ஸ்எம்பி என்று இருக்கும்) ஆன் செய்தால் ராமின் வோல்டேஜ் 1.2-இலிருந்து 1.35-க்கும், வேகம் 3200-க்கும் போகும். விண்டோஸில் சிபியு-இசட் திறந்தால் 1600 என்று காட்டும், பயப்படாதீர்கள். டிடிஆர் ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவை அனுப்புகிறது, 1600-ஐ இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

ரைசன் 3000-இல் ராமின் துடிப்பும் சிபியுவின் உள் இணைப்பான இன்ஃபினிட்டி ஃபேப்ரிக்கின் துடிப்பும் ஒன்றாக ஓடுவதே நல்லது. 3600 வேக ராமுக்கு ஃபேப்ரிக் 1800. அதற்கு மேல் துரத்துவது தொடக்கநிலையில் வீண் அலைச்சல்.

எக்ஸ்எம்பி போட்டதும் மெம்டெஸ்ட்86-ஐ பென் டிரைவில் ஏற்றி இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த வேகம் வேண்டாம். ராம் பிழை உடனே சிஸ்டத்தை நிறுத்திவிடாது. புகைப்படங்களையும் ப்ராஜெக்ட் ஃபைல்களையும் சத்தமில்லாமல் கெடுத்துக்கொண்டே இருக்கும்.

'ஆட்டோ' என்றிருப்பதை முழுக்க நம்பவும் வேண்டாம். 2023-இல் ரைசன் 7000 எக்ஸ்3டி சிபியுக்கள் சில சாக்கெட்டோடு கருகின, அதன் பிறகு ஏஎம்டி எஸ்ஓசி வோல்டேஜுக்கு (சிபியுவுக்குள் ராமைக் கவனிக்கும் பகுதிக்குப் போவது) 1.3 என்று உச்சவரம்பு வைத்து பயாஸ் அப்டேட் கொடுத்தது. நம் ரைசன் 3600-இல் எக்ஸ்எம்பிக்குப் பிறகு எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் எஸ்ஓசி 1.1 வோல்ட் அளவில் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சிபியு: படிப்படியாக

ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். முதல் பக்கத்தில் எதையும் மாற்றாத நிலையில் சினிபெஞ்ச் ஆர்23 என்ற சோதனை மென்பொருளை 10 நிமிடம் ஓட்டி, மதிப்பெண், உச்ச வெப்பம், அறை வெப்பம் மூன்றையும் எழுதுங்கள். அறை வெப்பம் முக்கியம். 24 டிகிரி ஏசி அறையில் 75 காட்டும் சிபியு, மே மாத மதியம் 38 டிகிரி மாடி அறையில் கிட்டத்தட்ட 89-இல் நிற்கும். 3600-இன் எல்லை 95. நான் 85-க்கு மேல் போகவிடுவதில்லை, அதையும் மதியத்தில் சோதித்தே முடிவு செய்கிறேன்.

வேகம் என்பது அடிப்படைத் துடிப்பு 100 மெகாஹெர்ட்ஸை ஒரு பெருக்கியால் பெருக்குவது. பெருக்கி 40 என்றால் 4 கிகாஹெர்ட்ஸ். பயாஸில் பெருக்கியை 40 என்றும் சிபியு வோல்டேஜை 1.25 என்றும் வையுங்கள், வேறெதையும் தொடாதீர்கள். லோடு லைன் அமைப்பு (சுமையில் வோல்டேஜ் தொய்வதை ஈடுகட்டுவது) இருந்தால் நடுவில் விடுங்கள். விண்டோஸ் வந்ததும் சினிபெஞ்ச் 10 நிமிடம். தேறினால் பெருக்கியில் 0.5 கூட்டுங்கள், மறுபடி 10 நிமிடம். நின்றுபோனாலோ நீலத் திரை வந்தாலோ, வோல்டேஜில் 0.0125 மட்டும் கூட்டிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்று. இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாமலே போய்விடும்.

வோல்டேஜில் நான் 1.30-இல் நின்றுகொள்கிறேன். "எதையும் மாத்தாம விட்டா, சும்மா இருக்கும்போதே 1.4-க்கு மேல காட்டுதே மாமா" என்று பையன் கேட்டான். சரியான கேள்வி. ஒன்றிரண்டு கோர் ஒரு நொடி பாயும்போது மின்னோட்டம் குறைவு, அந்த வோல்டேஜை அது தாங்கும். ஆறு கோரும் முழுச் சுமையில் இருக்கும்போது அதே வோல்டேஜை நிரந்தரமாகக் கொடுப்பது வேறு கதை.

செலவாகும் மின்சாரம் வோல்டேஜின் வர்க்கத்தோடும் வேகத்தோடும் சேர்ந்து ஏறும். 4.0 கிகாஹெர்ட்ஸை 1.20 வோல்ட்டில் ஓட்டுவதையும் 4.3-ஐ 1.35-இல் ஓட்டுவதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். வேகம் 7.5 சதவீதம் கூடுகிறது, வெப்பம் 36 சதவீதம். அந்தக் கடைசி 100 மெகாஹெர்ட்ஸை விட்டுக்கொடுங்கள் என்று நான் கெஞ்சுவது இதனால்தான்.

கடைசி வேகம் கிடைத்ததும் ஓசிசிடி அல்லது பிரைம்95 என்ற சுமைச் சோதனை மென்பொருளை ஒரு மணி நேரம் ஓட்டி, ஒரு வாரம் சாதாரணமாகப் பயன்படுத்துங்கள். பிறகு விண்டோஸ் ஈவண்ட் வியூவரில் 'டபிள்யூஎச்இஏ லாகர்' என்று ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், சிஸ்டம் நிற்காவிட்டாலும் உள்ளே பிழை நடக்கிறது. பெருக்கியை ஒரு படி இறக்குங்கள்.

ஒருவேளை பயாஸிலிருந்து வெளியே வந்ததும் கறுப்புத் திரையிலேயே நின்றால், போர்டு தானாகவே இரண்டு மூன்று முறை அணைந்து எழுந்து பழைய அமைப்புக்குத் திரும்பப் பார்க்கும், விடுங்கள். திரும்பாவிட்டால் அந்த இரண்டு பின்கள் எங்கே இருக்கின்றன என்று உங்களுக்குத்தான் தெரியுமே.

எல்லாம் நிலைத்ததும் பயாஸில் புரொஃபைலாகச் சேமியுங்கள், திரையை போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். பயாஸ் அப்டேட் செய்தால் புரொஃபைல் அழிந்துபோகலாம். பையனின் சிஸ்டம் ராம் 3200-லும் சிபியு 4.1-லும், 1.2625 வோல்ட்டில் நிற்கிறது. அந்த மூன்று எண்களையும் ஒரு காகிதத்தில் எழுதி, கேபினெட் பக்கத் தகட்டின் உட்புறம் அவனே ஒட்டியிருக்கிறான். பக்கத்தில் செலோ டேப்பில் அந்தப் பித்தளை ஸ்டாண்டாஃப்.